ஆபீஸ் தீயணைப்பு சிலிண்டர்: வருடத்துக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதுமா?

ஜெலுத்தோங்_கிளார்க்:
வணக்கம். பினாங்கில் ஒரு சின்ன அச்சகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். சேஃப்டி விஷயங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் வேலையை விட்டுப் போய்விட்டார். "நீதான் பைல் எல்லாம் ஒழுங்கா வெச்சிருக்கியே, இதையும் பார்த்துக்கோ" என்று சொல்லி முதலாளி ஒரு கோப்பைக் கொடுத்துவிட்டார். கோப்பில் இருப்பதெல்லாம் தீயணைப்பு சிலிண்டர் காண்ட்ராக்டரின் பில்கள்தான். வருடத்துக்கு ஒரு முறை இரண்டு பேர் வருவார்களாம், மாடி கீழே எல்லாம் சுற்றுவார்களாம், டீ ஆறுவதற்குள் புது ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்களாம். மற்ற மாதங்களில் யாரும் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை. இது போதுமா? நான் ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் எதைப் பார்ப்பது? பேப்பர், மை, ரோலர் துடைக்கும் கெமிக்கல் எல்லாம் இருக்கிற இடம், அதனால்தான் கேட்கிறேன்.

சும்மா_ஒருத்தன்:
எல்லாம் ஸ்டிக்கர் பிசினஸ் லா. தேதி சரியாக இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. நீங்கள் கணக்கைப் பாருங்கள்.

பாயான்லெப்பாஸ்_சேஃப்டி:
கேட்பார்கள் தம்பி. தீயணைப்புச் சேவைச் சட்டம் 1988, அதாவது சட்டம் 341, அதில் 'தீ அபாயம்' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. கட்டடத்தில் சட்டப்படி வைத்த தீயணைப்புக் கருவி சரியாக வேலை செய்யாமல் இருந்தால் அதுவே தீ அபாயம்தான். கருவியை எடுத்துவிட்டாலும் அப்படித்தான். பொம்பா, அதாவது மலேசியத் தீயணைப்புத் துறை அதிகாரி வந்து பார்த்தால் அதைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். வேலை செய்கிறதா என்றுதான் சட்டம் கேட்கிறது, ஸ்டிக்கர் பளபளக்கிறதா என்று இல்லை.

தங்கச்சி, நான் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர். சுருக்கமாகச் சொன்னால் இதில் இரண்டு வேலை இருக்கிறது. சிலிண்டருக்குக் கொடுக்கும் பொம்பா சான்றுக்கு ஒரு வருடம்தான் ஆயுள், அதைப் புதுப்பிக்கும்போது நடக்கும் சர்வீஸை பயிற்சி பெற்ற ஆள் செய்ய வேண்டும். மாதா மாதம் கண்ணால் பார்ப்பது நீ செய்ய வேண்டியது. அமெரிக்கர்களின் தீயணைப்பு சிலிண்டர் தரமான என்எஃப்பிஏ 10 ஆகட்டும், பிரிட்டிஷ் தரம் ஆகட்டும், எல்லாவற்றிலும் மாதம் ஒரு முறை என்றுதான் இருக்கிறது. ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. காண்ட்ராக்டர் போன மறுநாளே யாராவது ஒருத்தர் பின்னை இழுத்து விளையாடிவிட்டு மாட்டிவைத்தால் அடுத்த வருடம் வரை உனக்குத் தெரியவே தெரியாது, அதற்காகத்தான் இந்த மாதாந்தர சுற்று.

சிலிண்டர்காரன்:
பட்டர்வொர்த்தில் இந்த சர்வீஸ் வேலைதான் செய்கிறேன். அக்கா சொன்னது சரி. எங்கள் தொழிலைப் பற்றிச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: டீ ஆறுவதற்குள் ஒரு கட்டடம் முழுவதையும் சர்வீஸ் செய்ய முடியாது. பவுடர் சிலிண்டரை ஒழுங்காகப் பார்ப்பதென்றால் முதலில் எடை போட வேண்டும், காற்றை இறக்கி, தலையைக் கழற்றி, உள்ளே பவுடர் கட்டி பிடித்திருக்கிறதா என்று பார்த்து, உள் குழாய் அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பார்த்து, ரப்பர் வளையத்தை மாற்றி, நைட்ரஜன் ஏற்றி, மறுபடி கசிவு பார்க்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் எல்லாவற்றையும் திறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என்எஃப்பிஏ கணக்கில் சாதாரண பவுடர் சிலிண்டரை 6 வருடத்துக்கு ஒரு முறை உள்ளே பார்க்க வேண்டும், 12 வருடத்தில் தண்ணீர் அழுத்தச் சோதனை. பிரிட்டிஷ் தரத்தில் 5 வருடத்தில் முழுதாகக் காலி செய்து மறுபடி நிரப்பச் சொல்வார்கள். ஆனால் வருட சர்வீஸ் என்றால் குறைந்தது எடையும் தலைப்பகுதியும் பார்த்திருக்க வேண்டும், தராசே இல்லாமல் வந்தவன் என்ன சர்வீஸ் செய்திருப்பான்?

ஒரு தந்திரம் சொல்கிறேன். தலை சிலிண்டரில் சேரும் இடத்தில், இரண்டின் மேலும் படும்படி நகப்பூச்சால் மெல்லிசாக ஒரு கோடு போட்டு வை. சீரியல் நம்பர்களையும் குறித்துக்கொள். திறந்து பார்த்தோம் என்று பில் வந்தால் கோடு உடைந்திருக்க வேண்டும் அல்லது விலகியிருக்க வேண்டும். நேர்கோடாகவே இருந்தால் யாரும் திறக்கவில்லை.

ஜெலுத்தோங்_கிளார்க்:
அண்ணே, இது நல்லா இருக்கே! மீட்டர் முள் பச்சையில் இருந்தால் சரிதானே? நான் இன்று காலை ஒரு சுற்று போய்ப் பார்த்தேன், எல்லாம் பச்சையில்தான் இருக்கிறது. சர்வர் அறை வாசலில் இருக்கிற, கொம்பு மாதிரி வாய் வைத்த ஒன்றில் மட்டும் மீட்டரே இல்லை. யாரோ கழற்றிவிட்டார்களா?

சிலிண்டர்காரன்:
கழற்றவில்லை மா, அது கார்பன் டை ஆக்சைடு. அதற்கு மீட்டர் கிடையாது, வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. வீட்டு கேஸ் தோம்பு மாதிரிதான், உள்ளே பெரும்பகுதி திரவமாக இருக்கும். திரவம் ஒரு சொட்டு மிச்சம் இருக்கும்வரை அழுத்தம் சூட்டைப் பொறுத்துத்தான் மாறும், அளவைப் பொறுத்து மாறாது. 20 டிகிரியில் கிட்டத்தட்ட 57 பார் இருக்கும், முக்கால் பாகம் இருந்தாலும் அதேதான், கால் பாகம் இருந்தாலும் அதேதான். அதனால் எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். முழு எடை சிலிண்டரிலேயே அடித்திருக்கும், இல்லையென்றால் லேபிளில் எழுதியிருக்கும். உள்ளே இருக்க வேண்டிய வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் நிரப்ப அனுப்ப வேண்டும். 2 கிலோ சிலிண்டர் என்றால் 200 கிராம், 5 கிலோ என்றால் அரை கிலோ. விமானத்துக்குப் போகும்போது பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் கைத் தராசு இருக்கிறதே, சின்ன சிலிண்டருக்கு அதுவே போதும்.

பச்சை முள்ளைப் பற்றி: முள் பச்சையில் இருந்தால் அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். பவுடர் வெளியே வருமா என்பது வேறு கேள்வி. சில மீட்டரில் முள் ஒட்டிக்கொண்டு காலி சிலிண்டரிலும் பச்சை காட்டும். கண்ணாடியை மெதுவாகத் தட்டிப் பார், சிலிண்டரைத் தூக்கியும் பார். போன மாதத்தைவிட லேசாகத் தெரிந்தால் சந்தேகப்படு.

கப்பல்_இஞ்சின்:
தம்பி சொன்னதோடு ஒன்று. அந்த வாயுவுக்கு 31 டிகிரிக்கு மேல் போனால் திரவம் என்ற நிலையே கிடையாது, எல்லாம் வாயுதான், அழுத்தம் சரசரவென்று ஏறும். நம்ம ஊரில் ஏர்கோன் இல்லாத ஸ்டோரில் மத்தியானம் 31 என்பது சாதாரணம். வெடித்துவிடும் என்று பயப்பட வேண்டாம், சிலிண்டர் அதற்குத் தாங்கும்படி செய்ததுதான், பாதுகாப்புத் தகடும் இருக்கும். ஆனால் ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் மாட்டாதீர்கள். இன்னொன்று, சின்ன சர்வர் அறைக்குள் நின்றுகொண்டு அதை அடித்தால் தீ மட்டும் இல்லை, உங்கள் மூச்சும் நின்றுவிடும். அடித்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். கொம்பைக் கையால் பிடிக்கக்கூடாது, அது உறைந்து தோலைப் பிடித்துக்கொள்ளும். நான் கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவன், இஞ்சின் அறையில் முதலில் சொல்லிக்கொடுத்ததே இதுதான்.

வாழையிலை_முதலாளி:
லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கடை. பழைய கடைவீடு, மேல்மாடி பலகைத் தரை, எரிய ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயம். சமையற்கட்டில் வடை சட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு 9 கிலோ பவுடர் மாட்டி வைத்திருக்கிறேன். இரண்டடி நீட்டினால் கைக்கு வரும். சரிதானே?

பாயான்லெப்பாஸ்_சேஃப்டி:
இரண்டுமே சரியில்லை அண்ணே, இடமும் சரியில்லை, சாமானும் சரியில்லை. சட்டி தீப்பிடித்தால் அந்த இரண்டடிக்குள் உங்களால் போகவே முடியாது. கட்டட உபசட்டம் 1984, 227-வது விதி, சிலிண்டர் வெளியேறும் வழியில், எல்லாப் பக்கமிருந்தும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்கிறது. வாசலை நோக்கி ஓடும்போது வழியில் எடுத்துக்கொண்டு திரும்பலாமா என்று முடிவு செய்கிற மாதிரி இருக்க வேண்டும், தீயைத் தாண்டிப் போய் எடுக்கிற மாதிரி இருக்கக் கூடாது. அதே விதியில், ஒரே கட்டடத்தில் இருக்கும் ஒரே வகைக் கருவிகள் எல்லாம் ஒரே முறையில் இயங்க வேண்டும் என்றும் இருக்கிறது, பதற்றத்தில் ஒன்றில் பின்னை இழுத்து இன்னொன்றில் மேலே குத்தித் திணறக்கூடாது என்பதற்காக.

அப்புறம் எண்ணெய். கொதிக்கிற எண்ணெய்த் தீ தனி வகை, எஃப் வகுப்பு என்பார்கள். ஏபிசி பவுடர், அதாவது சாதாரணமாக எங்கும் மாட்டியிருக்கும் பவுடர், அடித்தால் சுவாலை ஒரு கணம் அடங்கும், ஆனால் எண்ணெயின் சூடு இறங்காது, மறுபடி தானாகப் பற்றிக்கொள்ளும். கிட்டே நின்று அடித்தால் எண்ணெய் தெறிக்கும். அதற்கு ஈர ரசாயன சிலிண்டர் என்று தனியாக இருக்கிறது, பொட்டாசியம் உப்புக் கரைசல், எண்ணெயோடு சேர்ந்து சோப்பு நுரை மாதிரி ஒரு படலம் கட்டி மேலே மூடிக்கொள்ளும், கூடவே குளிர வைக்கும். சின்னச் சட்டிக்கு மூடியும் தீப்போர்வையும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், அடுப்பை அணைத்துவிட்டு மூடிவிடலாம். தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

வாழையிலை_முதலாளி:
நன்றி மா. நாளைக்கே கல்லாப் பக்கம் மாற்றிவிடுகிறேன். அங்கே சாமி படம் மாட்டியிருக்கிறது, கீழே மாட்டலாமா?

பாயான்லெப்பாஸ்_சேஃப்டி:
மாட்டலாம், ஆனால் ஆணியிலேயே பூச்சரம் தொங்கி சிலிண்டரை மறைக்கக்கூடாது, விளக்கு அதற்கு நேர் மேலே எரியக்கூடாது. எங்கள் தொழிற்சாலையில் ஒருமுறை ஆயுத பூஜைக்கு சிலிண்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மீட்டர் கண்ணாடி மேல் பொட்டு. முள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பக்தியைக் குறை சொல்லவில்லை, கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும்.

செந்தூல்_மாடிவீடு:
கேஎல்லில் இருந்து. ஆபீஸ் இல்லை, கொண்டோ, ஆனால் கேட்க வேண்டும். போன வாரம் சிவப்புச் சட்டை போட்ட இரண்டு பேர் வந்து கதவைத் தட்டி, பொம்பாவில் இருந்து வருகிறோம், இனி ஒவ்வொரு வீட்டிலும் கட்டாயம் என்று சொல்லி ஒரு குட்டி சிலிண்டரை விற்றுவிட்டுப் போனார்கள். அம்மா பயந்துபோய் வாங்கிவிட்டார். உண்மையா?

சிலிண்டர்காரன்:
பொம்பா வீடு வீடாக ஆள் அனுப்பி சிலிண்டர் விற்பதில்லை என்று அவர்களே பலமுறை அறிவித்திருக்கிறார்கள். அடுத்த முறை அடையாள அட்டை கேளுங்கள், நிலையத்துக்கு போன் போட்டுக் கேட்கிறோம் என்று சொல்லுங்கள், படியிறங்கிவிடுவார்கள். வாங்கியதைத் தூக்கிப் போட வேண்டாம். சிரிம் (மலேசியத் தரச்சான்று நிறுவனம்) முத்திரை, பொம்பா லேபிள், தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வைத்துக்கொள்ளலாம், விலைதான் அதிகம் கொடுத்திருப்பீர்கள்.

சும்மா_ஒருத்தன்:
சரி, நான் கிண்டல் பண்ணினேன், ஆனால் உண்மையாகவே ஒரு கேள்வி. எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிற பையன் சிலிண்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க வெளியே ஒரு சின்ன அமுக்கு அமுக்கினான். புஸ் என்று வந்தது. நல்லாத்தான் இருக்கிறது என்று திரும்ப மாட்டிவிட்டான். முள்ளும் பச்சைதான். விட்டுவிடலாமா?

சிலிண்டர்காரன்:
விடவே கூடாது. ஒரு விநாடி அமுக்கினாலும் அந்த சிலிண்டர் முடிந்தது என்று வைத்துக்கொள். பவுடர் வால்வு வழியாகப் போகும்போது கொஞ்சம் தூள் ரப்பருக்கும் உலோகத்துக்கும் இடையில் உட்கார்ந்துவிடும், அதற்கப்புறம் வால்வு முழுதாக மூடாது. அன்றைக்குப் பச்சை காட்டும், கொஞ்ச நாளில் போய்ப் பார்த்தால் முள் கீழே கிடக்கும். இந்தத் தொழிலில் நான் பார்க்கிற காலி சிலிண்டர்களில் பாதிக்குக் காரணம் இந்த 'சும்மா ஒரு டெஸ்ட்' தான். சீல் உடைந்திருந்தாலே அதை இறக்கி, 'பாவிக்காதே' என்று எழுதி ஓரமாக வைத்து, நிரப்ப அனுப்பு.

ஜெலுத்தோங்_கிளார்க்:
சீல் என்றால் பின்னோடு கட்டியிருக்கும் அந்த மெல்லிய பிளாஸ்டிக்தானே? எங்கள் இடத்தில் மூன்று நான்கில் அதற்குப் பதிலாகக் கறுப்பு கேபிள் டை போட்டு இறுக்கி வைத்திருக்கிறார்கள். யாரும் விளையாடக்கூடாது என்று போட்டார்களாம்.

பாயான்லெப்பாஸ்_சேஃப்டி:
ஐயோ, இன்றைக்கே வெட்டிவிடு. சீல் மெல்லிசாக இருப்பதே ஒரு முறுக்கில் அறுந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான். கேபிள் டையைக் கையால் அறுக்க முடியுமா? தீ எரியும்போது கத்தரிக்கோல் தேடுவார்களா? பின்னுக்குப் பதிலாக ஆணி, கம்பி எல்லாம் கூடப் பார்த்திருக்கிறேன்.

நீ சுற்றுப் போகும்போது இன்னும் சில இடங்களைக் குனிந்து பார். அடிப்பாகத்தை முக்கியமாக. தரையிலேயே வைத்திருந்தால் மாப் போடும் தண்ணீர் அடியில் தேங்கித் துரு பிடிக்கும், பினாங்கில் கடல் காற்று வேறு. மேலே வண்ணம் பளபளவென்று இருக்கும், கீழ் விளிம்பில் பெயின்ட் குமிழ் விட்டிருக்கும். அழுத்தம் ஏறி நிற்கிற இரும்பு அது, விளையாட்டில்லை. அதனால்தான் சுவரில் மாட்டு அல்லது ஸ்டாண்டில் வை என்கிறோம். குழாய் வாயையும் எட்டிப் பார், குளவி மண் வைத்து அடைத்திருக்கும், கிடங்குப் பக்கம் இது ரொம்ப சாதாரணம். ரப்பர் குழாயை லேசாக வளைத்தால் வெடிப்பு தெரியும். எழுதியிருப்பது வழியில் போகிறவருக்கு நேராகத் தெரிகிறதா, முன்னால் பேப்பர் கட்டு அடுக்கியிருக்கிறார்களா, கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்றும் பார். முடிந்ததும் அட்டையில் தேதி, கையெழுத்து.

கப்பல்_இஞ்சின்:
பவுடரை மாதம் ஒரு முறை தலைகீழாகப் பிடித்துக் குலுக்க வேண்டும், இதை யாரும் சொல்லவில்லையே.

பாயான்லெப்பாஸ்_சேஃப்டி:
ஐயா, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. இப்போது வருகிற தூளுக்கு சிலிக்கோன் பூச்சு இருக்கிறது, சும்மா சுவரில் தொங்குகிற சிலிண்டரில் அவ்வளவு இறுகாது. தூள் மட்டுமே 9 கிலோ, இரும்போடு சேர்த்து எவ்வளவு வரும்? ஆபீஸ் பிள்ளைகளை அதைத் தலைகீழாக்கச் சொன்னால் தீ வருவதற்கு முன்னால் முதுகு போய்விடும்.

சிலிண்டர்காரன்:
இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லோரியில், ஃபோர்க்லிப்டில், அதிர்கிற மெஷின் பக்கத்துத் தூணில் இருப்பது நாளெல்லாம் ஆடி ஆடி அடியில் இறுகும், திறந்து பார்த்தால் தெரியும். அதை வலுவான ஆள் ஒருத்தர் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே சரிவது கைக்குத் தெரியும். மற்றதை விட்டுவிடலாம். ஈரம் போய்க் கட்டி பிடித்தது குலுக்கினாலும் உடையாது, அது சர்வீஸ்காரன் வேலை. தங்கச்சி, உன் இடத்தில் அச்சு மெஷின் பக்கத்துத் தூணில் இருப்பதை மட்டும் தனியாகக் குறித்து வை.

கப்பல்_இஞ்சின்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். பழைய கட்டடம் என்றால் ஸ்டோர் மூலையில் பச்சை நிற சிலிண்டர் ஏதாவது கிடக்கிறதா என்றும் பாருங்கள். ஹேலோன் என்ற பழைய தீயணைப்பு வாயுவாக இருக்கலாம். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் படிப்படியாக நிறுத்தினார்கள். சும்மா திறந்து விட்டுவிடாதீர்கள், முறையாக ஒப்படையுங்கள்.

ஜெலுத்தோங்_கிளார்க்:
பச்சை இல்லை ஐயா. ஆனால் இன்று மத்தியானம் முழுச் சுற்று போனேன். ஒன்றின் அடியில் அக்கா சொன்ன அதே குமிழ், ஒன்றில் குளவி மண், கேபிள் டை எல்லாம் வெட்டியாயிற்று. கார்பன் டை ஆக்சைடை எடை போட்டேன், சரியாக இருக்கிறது. முதலாளியிடம் போட்டோ காட்டினேன், அவரே காண்ட்ராக்டருக்கு போன் போட்டு சீரியல் நம்பர் வாரியாக ரிப்போர்ட் கேட்டார். அவர்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் லோரியில் ஏற்றிக்கொண்டு போய் கடையில் வைத்துச் செய்து தருகிறோம் என்கிறார்கள். விடலாமா?

சிலிண்டர்காரன்:
மாற்று சிலிண்டர் வைத்துவிட்டுப் போனால் விடு, இல்லையென்றால் விடாதே. வேலை நடக்கிற இடம் ஒரு இரவு கூட வெறுமையாக இருக்கக்கூடாது. மாற்று போதவில்லையென்றால் மாடியை ஒரு தடவை, கீழே ஒரு தடவை என்று பிரித்து எடுக்கச் சொல். குமிழ் விட்டதை நிரப்பிக் கொடுக்காதே என்று சொல்லிவிடு, அது கழிவுதான். திரும்பி வரும்போது நம்பரைச் சரிபார்த்து வாங்கு, உன்னுடையதைக் கொடுத்துவிட்டு வேறு யாருடைய பழையதையோ வாங்கிக்கொள்ளாதே.

பாயான்லெப்பாஸ்_சேஃப்டி:
இன்னொன்று, எப்படியும் காலி செய்து நிரப்பப் போகிற சிலிண்டர் இருந்தால் அதை அவர்களிடம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஆட்களைப் பின்பக்கம் கூப்பிட்டு அடிக்க வையுங்கள். ஆனால் அந்தக் குமிழ் விட்டதை யாரும் தொடக் கூடாது. பின்னை இழு, தீயின் அடிக்குக் குறி வை, அமுக்கு, இடம் வலமாக வீசு, இவ்வளவுதான், ஆனால் கையில் பிடித்துப் பார்த்தவனுக்குத்தான் சத்தம் பழகும். 9 கிலோவே பதினைந்து இருபது விநாடியில் தீர்ந்துவிடும் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவார்கள். காற்று முதுகுப் பக்கம் இருக்கட்டும், முகக்கவசம் போடுங்கள். அச்சு மெஷின், கணினி பக்கம் வேண்டாம், அந்தத் தூள் ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும்.

வாழையிலை_முதலாளி:
பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்கிறதா என்றும் பார்த்துக்கொள் மா. போன வருடம் எங்கள் சந்தில் ஒரு கடையில் இப்படி டிரெய்னிங் நடத்தி, அந்த வீட்டு ஆச்சி விளக்குமாற்றோடு வந்துவிட்டார்.

ஜெலுத்தோங்_கிளார்க்:
ஹாஹா, எங்கள் பின்பக்கம் கார் நிறுத்துமிடம்தான் அண்ணே, ஆனால் முதலாளியின் கார் அங்கேதான் நிற்கும். வெள்ளிக்கிழமை லோரி வருகிறது, முதலில் மாடி மட்டும். கீழே உள்ளது அடுத்த வாரம். அட்டைகளை இன்றிரவு பிரிண்ட் போடுகிறேன், அச்சகம்தானே, அதற்குச் செலவில்லை.